இலையை மிதிக்காமல் பூ பார்ப்போம்: போர்ட்டர்ஸ் கிரீக் நடைக்கு வரும் நண்பர்களுக்கு

அன்புள்ள நண்பர்களுக்கும், பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் அம்மா அப்பாக்களுக்கும்,

ஏப்ரல் இரண்டாம் சனிக்கிழமை கிரேட் ஸ்மோக்கி மலையில், போர்ட்டர்ஸ் கிரீக் ஓடையோரமாகக் காட்டுப்பூ பார்க்க நடப்போம் என்று பேச்சு எழுந்தபோது நாலைந்து குடும்பங்கள் வரும் என்றுதான் எண்ணியிருந்தேன். இப்போது நாக்ஸ்வில், அட்லாண்டா, சார்லட் என்று மூன்று ஊர்களிலிருந்தும் பெயர் கொடுத்திருக்கிறீர்கள். சித்திரைப் பிறப்பை ஒட்டிய சனிக்கிழமை. கோயிலுக்கும் விருந்துக்கும் போகக்கூடிய நாளை இதற்கென்று ஒதுக்கியிருக்கிறீர்கள். மனசு நிறைந்துவிட்டது. கூடவே ஒரு கவலையும் சேர்ந்துகொண்டது. ஐம்பது பேருக்கு மேல் ஒரே காலையில் ஒரு குறுகலான காட்டுப்பாதையில் நுழையப்போகிறோம். நூறு கால்கள். அந்தக் கால்கள் எங்கே படும் என்பதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். யார் காரில் யார், யார் புளியோதரை, யார் தயிர்சாதம் என்பதையெல்லாம் போனில் பேசிக்கொள்வோம்.

நாம் போகிற காடு ஆண்டு முழுக்கப் பச்சையாக இருக்கும் சோலைக்காடு இல்லை. ட்யூலிப் பாப்லர், சுகர் மேப்பிள், பாஸ்வுட், பக்கை என்று அங்கே நிற்பவை பெரும்பாலும் குளிர்காலத்தில் இலையை முழுசாகக் கொட்டிவிடும் மரங்கள். மார்ச்சில் போனால் வெறும் கிளைகள்தான். மே பாதியில் போனால் மேலே பச்சைக் கூரை மூடி, தரைக்கு வந்து சேரும் வெளிச்சம் சில சதவீதமாகக் குறைந்திருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு சில வாரங்கள் இருக்கின்றன. தரையில் குளிர் விட்டிருக்கும். மேலே மரம் இன்னும் துளிர்த்திருக்காது. வெயில் நேராகத் தரையில் விழும். அந்தச் சில வார வெயிலை நம்பியே வாழ்கிற செடிகள் இருக்கின்றன. மண்ணுக்குள்ளிருந்து எழுந்து, பூத்து, காய்த்து, மரம் இலை விட்டு மூடுவதற்குள் தங்கள் வேலையை முடித்துக்கொள்கின்றன. ஜூனில் அதே இடத்துக்குப் போனால் அவற்றில் பல இருந்த சுவடே தெரியாது. அவை சாகவில்லை. மண்ணுக்குள் கிழங்காகவும் வேராகவும் அடுத்த வசந்தம் வரை உறங்குகின்றன.

ஸ்மோக்கி மலைத் தேசியப் பூங்காவில் 1,500க்கும் மேற்பட்ட பூக்கும் தாவர வகைகள் உண்டு. அமெரிக்காவின் வேறெந்தத் தேசியப் பூங்காவிலும் இத்தனை இல்லை. பனியுகத்தில் வடக்கேயிருந்து இறங்கிய பனிப்பாளங்கள் இந்த மலை வரை வந்து சேரவில்லை என்பது அதற்கு ஒரு காரணம். வடக்கத்திச் செடிகள் இங்கே ஒதுங்கிப் பிழைத்தன. அருகிலுள்ள காட்லின்பர்க் ஊரில் 1951லிருந்து வசந்தத்தில் பூ பார்க்கும் நடைகளை ஒரு விழாவாகவே நடத்தி வருகிறார்கள். பூவுக்காகக் கூட்டமாக நடப்பது இந்த மலைக்கு நாம் கொண்டுவருகிற புதுப் பழக்கம் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்ததற்கு வருகிறேன். பூவைப் பறிக்கக்கூடாது என்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். அது சட்டம், பூங்காவுக்குள் ஒரு பூவைக்கூடப் பறிக்க முடியாது. ஆனால் இந்தச் செடிகளுக்குப் பூவைவிட இலை பெரிசு. நாம் சனிக்கிழமை பார்க்கப்போகிற பூக்களில் பலவற்றின் மொட்டு போன வருஷமே மண்ணுக்குள் உருவாகிவிட்டது. அந்தப் பூவுக்கான செலவைப் போன வசந்தத்தின் இலை செய்து முடித்துவிட்டது. இப்போது விரிந்திருக்கிற இலை அடுத்த வருஷத்துப் பூவுக்காக வெயிலைச் சேமித்துக் கீழே அனுப்பிக்கொண்டிருக்கிறது. வருஷத்தில் அதற்குக் கிடைக்கிற வேலைநாள் சில வாரம் மட்டுமே. ஒரு செருப்புக்காலால் அந்த இலை நசுங்கினால், அந்தச் செடி அந்த வருஷத்துக்கு மறு இலை விடாது. அதன் வருமானம் அன்றோடு நின்றுபோகும்.

டிரில்லியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று இலை, மூன்று இதழ், மூன்று புல்லி. ஒருமுறை பார்த்தால் மறக்காது. வெள்ளை டிரில்லியம் கையகலத்துக்குப் பூக்கும். இந்த மலைப்பக்கத்துக்கே உரிய மஞ்சள் டிரில்லியம் ஒன்று உண்டு. அதன் இலையில் திட்டுத்திட்டாகப் பச்சை வேறுபாடு இருக்கும். பூ இதழ்களை விரிக்காமல் நிமிர்த்தி வைத்திருக்கும். கிட்டே மூக்கைக் கொண்டுபோனால் எலுமிச்சை வாசம் வரும். பாதையோரத்திலேயே நிறைய நிற்கும் என்பதால் இறங்காமலே குனிந்து முகரலாம். பிள்ளைகளுக்குக் கட்டாயம் காட்டுங்கள். இந்த டிரில்லியத்தின் விதை மண்ணில் விழுந்தால் முதல் வசந்தத்தில் வேர் மட்டும் விடும். மேலே ஒன்றும் தெரியாது. இரண்டாம் வசந்தத்தில் ஒரு சின்ன விதையிலை வரும். அப்புறம் சில வருஷம் ஒற்றை இலை. அப்புறம் சில வருஷம் மூன்று இலை, பூ இல்லை. முதல் பூ வருவதற்கு ஏழு வருஷமாவது ஆகும், பத்தும் ஆகலாம். பூத்தபின் பல பத்தாண்டுகள் இருக்கும். நம்மில் சிலர் 2018இல் லீவெடுத்து ஊருக்குப் போய் மூணாறிலோ கொடைக்கானலிலோ குறிஞ்சி பார்த்தோம். குறிஞ்சி பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூத்து, விதை விட்டு, செத்துப்போகும். டிரில்லியத்தின் காத்திருப்பும் கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் காடெல்லாம் ஒன்றாகக் காத்திருந்து ஒன்றாகப் பூப்பதில்லை. ஒவ்வொரு செடியும் தனித்தனியாக, வெவ்வேறு வயதில், நம் காலுக்குப் பக்கத்தில் நின்று காத்துக்கொண்டிருக்கிறது. அதனால்தான் அந்தக் காத்திருப்பு நம் கண்ணில் படுவதில்லை. பூத்த டிரில்லியத்தைச் சுற்றி இருக்கிற ஒற்றை இலைகளைப் பாருங்கள். களை மாதிரிதான் தெரியும். 2030களில் பூக்கப்போகிற செடிகள் அவை.

இங்கேதான் நல்ல மனசுள்ளவர்களாலேயே சேதம் வருகிறது. பூவைத் தொடமாட்டார்கள். பூவின் முன்னால் மண்டி போட்டுப் படம் எடுப்பார்கள். குழந்தையைப் பூக்களுக்கு நடுவே நிறுத்தி இரண்டடி பின்னால் போவார்கள். முழங்கால் பட்ட இடத்திலும் பின்வாங்கிய இடத்திலும் ஒற்றை இலைகள் கிடக்கும். ஒருவர் போன இடத்தில் சருகு கலைந்திருந்தால் அடுத்தவருக்கு அதுவே வழியாகத் தெரியும். மூன்றாவது ஆளுக்கு அது பாதை. அடுத்த வசந்தத்தில் அங்கே வெறும் மண்தான் இருக்கும். அதனால் நம் குழுவுக்கு ஒரே ஒரு விதி: கால் பாதையை விட்டு இறங்கக்கூடாது. போனை நீட்டி எடுங்கள், ஜூம் செய்யுங்கள், பாதையில் இருந்தபடியே உட்காருங்கள். பாதையிலிருந்து எட்டாத பூவை விட்டுவிடுங்கள். இன்னும் இருபது தப்படி நடந்தால் அதே பூ பாதையோரத்தில் நிற்கும். போர்ட்டர்ஸ் கிரீக் அப்படிப்பட்ட இடம்.

டிரௌட் லில்லியின் கதை டிரில்லியத்தின் கதையைவிடப் பொறுமையானது. பச்சை இலையில் பழுப்புப் புள்ளிகள் தெறித்திருக்கும்; டிரௌட் என்ற ஓடை மீனின் முதுகில் இருக்கும் புள்ளிகளை வைத்துத்தான் அந்தப் பெயர். இரண்டு இலை உள்ள செடிதான் பூக்கும். மஞ்சள் பூ, தலை கவிழ்ந்திருக்கும். ஆனால் ஒரு திட்டில் நூறு இலை கண்டால் அதில் மிகப் பெரும்பாலானவை ஒற்றை இலையாகத்தான் இருக்கும். பூக்காத அந்தக் கூட்டம் என்ன செய்கிறது என்று நியூ ஹாம்ப்ஷயரின் ஹப்பர்ட் புரூக் காட்டில் ஆராய்ந்த இரண்டு ஆய்வாளர்கள் 1976இல் ஒரு கருத்தை முன்வைத்தார்கள். பனி உருகி மழையோடு சேர்ந்து ஓடுகிற பருவத்தில் மண்ணின் சத்து ஓடையோடு போய்விடும். மரங்கள் இன்னும் விழித்திருக்காத அந்த நேரத்தில் இந்தச் சின்ன இலைகள் நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் உறிஞ்சிப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஜூனில் இலை மட்கும்போது அதை மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கின்றன. அப்போது மரங்கள் விழித்து எடுத்துக்கொள்ளும். எல்லாக் காட்டிலும் இது எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதில் பின்னால் வந்தவர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. எனக்கு அந்தப் பார்வை பிடித்திருக்கிறது. நூறடி உயர மரத்தைப் பார்த்துவிட்டு அரையடி இலையைப் பார்க்கும்போது யாருக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள் என்று யோசிக்க வைக்கிறது.

ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களுக்கு ஒரு செடியை மட்டும் நானே காட்ட ஆசைப்படுகிறேன். ஜாக்-இன்-த-புல்பிட் என்பார்கள். அரிசீமா என்ற பேரினம். நீலகிரியிலும் பழனி மலையிலும் சோலை ஓரங்களில் மழைக்காலத்தில் கோப்ரா லில்லி என்று காட்டுவார்களே, அதன் நெருங்கிய உறவு. சேம்பு, சேனை, கருணை எல்லாம் இதே குடும்பம். சேனை வெட்டினால் கை அரிப்பதும் கருணைக்குப் புளி ஊற்றுவதும் எதனாலோ, அதே ஊசிமுனைப் படிகங்கள் இதன் கிழங்கிலும் உண்டு. பச்சையில் ஊதாக் கோடு போட்ட ஒரு மடல் சுருண்டு, அதன் நுனி மேலே மூடியாகக் கவிழ்ந்திருக்கும். உள்ளே ஒரு தண்டு. பாதையில் நின்றபடி குனிந்து பார்த்தாலே தெரியும். இந்தச் செடி கிழங்கில் இருப்பு குறைவாக இருக்கும் வருஷத்தில் ஆணாகப் பூக்கும். இருப்பு சேர்ந்த வருஷத்தில் பெண்ணாகப் பூக்கும். காய்த்து ஓய்ந்த பிறகு மறுபடி ஆணாகிவிடவும் கூடும். பெண் செடிக்குப் பெரும்பாலும் இரண்டு இலை, ஆணுக்குப் பெரும்பாலும் ஒன்று. மடலுக்குள் இறங்குகிற சின்னஞ்சிறு ஈக்கள்தான் மகரந்தம் சுமக்கின்றன. ஆண் மடலின் அடியில் ஈ வெளியேற ஒரு சின்ன இடைவெளி இருக்கும். பெண் மடலில் அது இருக்காது. மகரந்தத்தோடு இறங்கிய ஈ அங்கேயே முடிந்துபோகும். இதிலும் கணக்கு இலையில்தான் வந்து நிற்கிறது. போன வருஷத்து இலை எவ்வளவு சேர்த்ததோ, அதைப் பொறுத்தே இந்த வருஷம் ஆணா பெண்ணா என்று தீர்மானமாகிறது.

பாதையைப் பற்றிக் கொஞ்சம். காட்லின்பர்க்கிலிருந்து கிழக்கே ஆறு மைலில் கிரீன்பிரையர் திருப்பம் வரும். அங்கிருந்து லிட்டில் பிஜன் ஆற்றை ஒட்டிச் சரளைச் சாலை. சாலை முடிகிற இடத்தில் நடை தொடங்குகிறது. முதல் மைல் அகலமான பழைய வண்டிப்பாதை. வயதானவர்களும் தாராளமாக நடக்கலாம். இரண்டு பக்கமும் பாசி படிந்த கல்சுவர்கள் தெரியும். அவை வயல்வரப்புகள். பூங்கா 1934இல் உருவாவதற்கு முன் இங்கே குடும்பங்கள் சோளம் விதைத்து வாழ்ந்தன. டென்னசி, நார்த் கரோலினா மாநிலங்கள் நிலத்தை வாங்கிப் பூங்காவுக்குக் கொடுத்தபோது அவர்கள் வெளியேற வேண்டியிருந்தது. பாதையோரம் ஒரு சின்ன இடுகாடு இருக்கிறது. சற்றுத் தள்ளி 1875இல் கட்டிய ஒரு மரக் களஞ்சியம் இன்னும் நிற்கிறது. அவர்களுக்கும் முன்னால் இது செரோக்கி மக்களின் மண். 1838இல் அமெரிக்க அரசு அவர்களில் பெரும்பாலானோரைத் துப்பாக்கி முனையில் மேற்கே விரட்டியது. வழியிலேயே ஆயிரக்கணக்கானோர் மாண்டார்கள். தப்பித் தங்கியவர்களின் வழிவந்தவர்கள் மலைக்கு அந்தப் பக்கம், நார்த் கரோலினாவில் இருக்கிறார்கள். அந்த இடுகாட்டருகே சத்தமில்லாமல் கடந்துபோவோம்.

முதல் மைலிலும் பூ இருக்கும். ஆனால் மைல் ஒன்றரை தாண்டி ஓடையைக் கடக்கிற மரப்பாலம் வரும். அதற்கு அப்பால் காடே வேறு. கீழே, உழுது பயிரிட்டு விட்டுப்போன நிலத்தில், ஒரே வயது பாப்லர் மரங்கள் நெட்டநெடுக நிற்கின்றன. மேலே பாறையும் சரிவும். ஏருக்கு ஆகாத நிலம். அங்கே பூக்கள் திட்டுத்திட்டாக இல்லாமல் தரை முழுக்க நெருங்கிப் பூத்திருக்கும். மரம் திரும்பி வருகிற வேகத்தில் தரைச்செடி திரும்பி வருவதில்லை. தெற்கு அப்பலாச்சிய மலைகளில் வெட்டி வளர்ந்த காடுகளையும் வெட்டாத காடுகளையும் ஒப்பிட்டு 1992இல் வெளியான ஓர் ஆய்வு, 87 வருஷம் ஆன பிறகும் தரைச்செடிகள் பழைய காட்டின் அளவுக்கு மீளவில்லை என்று சொன்னது. அதை மறுத்து எழுதியவர்களும் உண்டு. ஆனால் இந்தச் செடிகள் ஏன் மெதுவாகப் பரவுகின்றன என்பதில் சந்தேகமில்லை. டிரில்லியம், பிளட்ரூட், காட்டு வயலெட், ஸ்பிரிங் பியூட்டி இவற்றின் விதையில் எண்ணெய்ச் சத்துள்ள ஒரு சிறு முண்டு ஒட்டியிருக்கும். எறும்பு அதற்காக விதையைப் புற்றுக்கு இழுத்துப்போய், அந்த முண்டைத் தின்றுவிட்டு விதையைப் புற்றுக் குப்பையில் போட்டுவிடும். அங்கே மண் சத்தாக இருக்கும், எலி கண்ணில் படாது, விதை முளைக்கும். ஏற்பாடு அருமையானது, ஆனால் எறும்பு நடக்கிற தூரம் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர். அந்த வேகத்தில் ஒரு செடி ஒரு மலைச்சரிவைத் திரும்பப் பிடிக்க எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே போட்டுப் பாருங்கள்.

பாலம் நீளமான ஒற்றை மரம்தான். ஒரு பக்கம் கைப்பிடி உண்டு. ஒவ்வொருவராகக் கடப்போம். கடந்ததும் சிலர் ஒரு கணம் பனி பெய்து கிடக்கிறது என்று நினைப்பீர்கள். அது ஃபசீலியா. ஒவ்வொரு பூவும் சுண்டுவிரல் நகத்தளவு. வெள்ளை இதழ்களின் விளிம்பு நூல் பிரிந்த மாதிரி கிழிந்திருக்கும். லட்சக்கணக்கில் சேர்ந்து பாறை இடுக்குகளையெல்லாம் மூடியிருக்கும். இந்தத் தெற்கு மலைகளை விட்டால் உலகில் வேறெங்கும் இது கிடையாது. மற்றவை மாதிரிக் கிழங்கில் உறங்குகிற செடியும் இல்லை. இலையுதிர்காலத்தில் முளைத்து, குளிரெல்லாம் தரையோடு ஒட்டிக் கிடந்து, ஏப்ரலில் பூத்து, விதை விட்டுச் செத்துப்போகும். இதன் முழு ஆயுளே அவ்வளவுதான். விதை விழுவதற்கு முன் மிதிபட்டால் அடுத்த வருஷத்துக்கு அந்த இடத்தில் கொடுக்க அதனிடம் வேறொன்றும் இல்லை.

பாலத்துக்கு அப்பால் பாதை ஒரு ஆள் அகலம். அங்கேதான் எல்லோரும் விழிப்பாக இருக்க வேண்டும். எட்டு எட்டுப் பேராகப் பிரிந்து, குழுவுக்குக் குழு கால் மணி நேர இடைவெளி விட்டுப் போவோம். எதிரே ஆள் வந்தால் செடிமேல் ஒதுங்காதீர்கள். பாதையில் கல்லோ அகலமான இடமோ இருக்கும் பக்கம் பின்வாங்கி நின்று வழி விடுங்கள். சேறு வந்தால் சேற்றிலேயே நடங்கள். சேற்றைச் சுற்றி நடந்து நடந்துதான் எல்லாப் பாதைகளும் அகலமாகின்றன, ஷூவைக் கழுவிக்கொள்ளலாம். வயதானவர்கள் பாலம் வரை வந்து அங்கேயே இருந்துவிட்டாலும் பூவுக்குக் குறைவிருக்காது. இரண்டு மைலில் ஃபெர்ன் பிராஞ்ச் அருவி இருக்கிறது. அழகான அருவி. ஆனால் அருவியை இலக்காக வைத்து வேகமாக நடக்கிறவர்கள் எல்லாவற்றையும் தவறவிட்டு அருவியை மட்டும் பார்த்துவிட்டு வருகிறார்கள். ஒரு மணி நேரத்தில் அரை மைல் நடந்தால் போதும் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பிளட்ரூட் கண்ணில் பட்டால் நில்லுங்கள். சருகுக்குள்ளிருந்து வெள்ளைப் பூ எழும்பும்போது அதன் ஒரே இலை தண்டைச் சுற்றிச் சுருண்டிருக்கும், விடிகாலைக் குளிரில் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசலில் நிற்கும் பெரியவரைப் போல. பூ விரிந்து ஓரிரு நாளில் இதழ் கொட்டிவிடும். இலை அதற்குப் பின்தான் முழுசாக விரியும். அதன் வேர்க்கிழங்கின் செஞ்சாற்றில் செரோக்கிப் பெண்கள் கூடை முடையும் நாணலுக்குச் சாயம் ஏற்றுவார்கள். நம் நடை நாளில் பிளட்ரூட் முடிகிற கட்டத்தில் இருக்கும்; பூ கிடைக்காவிட்டால் அந்த அகலமான மடிப்பு இலையைக் கண்டுபிடியுங்கள். பிள்ளைகளுக்கு இன்னொரு வேலையும் உண்டு. ஸ்பிரிங் பியூட்டி என்ற வெளிர் ரோஜா நிறப் பூவில் ஒரு சின்னத் தேனீ வரும். பின்னங்காலில் மஞ்சளுக்குப் பதில் ரோஜா நிற மகரந்தம் அப்பியிருக்கும். அந்தத் தேனீ தன் குஞ்சுகளுக்கு முக்கியமாக இந்தப் பூவின் மகரந்தத்தையே ஊட்டுகிறது. அசையாமல் குந்தியிருந்தால் வரும்.

"ஒரு பூதானே, தலையில் வைத்துக்கொண்டால் என்ன" என்று கேட்கும் அம்மாக்களைப் புரிந்துகொள்கிறேன். பூவைக் கண்டால் சூடத் தோன்றுவது நம் வழக்கத்தில் ஊறியது. மல்லிகையைப் பறித்தால் கொடிக்கு ஒன்றும் ஆகாது. கிள்ளக் கிள்ளத் துளிர்க்கும். டிரில்லியத்தைக் காம்போடு கிள்ளினால் அதன் கீழேயுள்ள மூன்று இலையும் சேர்ந்து வந்துவிடும். அந்த மூன்று இலையைத் தவிர அதற்கு வேறு இலையே இல்லை. செடியிலிருந்து எடுப்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. எடுக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். சோசான் என்ற கீரையைச் செரோக்கி மக்கள் தலைமுறை தலைமுறையாக வசந்தத்தில் கிள்ளிச் சமைத்து வந்தார்கள். பூங்காவுக்குள் அது தடையாகிப் போயிருந்தது. 2019இல் ஓர் ஒப்பந்தம் செய்து, அனுமதி பெற்ற பழங்குடி உறுப்பினர்கள் அதை மறுபடி எடுக்க வழி செய்தார்கள். அது நியாயமான முடிவு. ரேம்ப்ஸ் என்ற காட்டுப்பூண்டுக்கு நேர்ந்தது வேறு. அகழ்ந்து எடுத்து எடுத்துக் குறைந்துபோனதால் 2002இல் இந்தப் பூங்காவில் தடை வந்தது. ஒரு திட்டில் பத்தில் ஒரு பங்கைப் பத்து வருஷத்துக்கு ஒருமுறை எடுத்தால்தான் தாங்கும் என்று இங்கே திரட்டிய கணக்கை வைத்துப் பின்னர் சொன்னார்கள். எவ்வளவு எடுக்கலாம் என்று தெரியாத இடத்தில் விருந்தாளியாகப் போகிறவர்கள் கையை மடக்கிக்கொள்வதே மரியாதை.

இன்னொன்றும் மனசை உறுத்துகிறது, சொல்லிவிடுகிறேன். மாசசூசெட்ஸின் கான்கார்டு ஊரில் எழுத்தாளர் தோரோ 1850களில் எந்தச் செடி எந்த நாளில் பூத்தது, எந்த மரம் எப்போது இலை விட்டது என்று குறித்து வைத்துப் போனார். அந்தக் குறிப்புகளை இன்றைய நிலையோடு வைத்துப் பார்த்து 2019இல் ஆய்வாளர்கள் ஒன்றைக் கண்டார்கள். வெப்பம் கூடக்கூடத் தரைச்செடிகளும் முன்னதாக எழுகின்றன; ஆனால் மரங்கள் அவற்றைவிட அதிகமாக முந்திக்கொண்டு இலை விடுகின்றன. அப்படியானால் நடுவில் கிடைக்கிற அந்த வெயில் வாரங்கள் குறைகின்றன. இலையின் வேலைநாள் சுருங்குகிறது. காட்டுப்பன்றி வேறு கிழங்கைக் கிளறுகிறது. வேட்டைக்கென்று கொண்டுவந்து அடைத்து, 1920களில் தப்பி ஓடிய ஐரோப்பியப் பன்றிகளின் வம்சம். பாதையோரம் பட்டுப்போய் நரைத்து நிற்கும் பெரிய மரங்களைக் கண்டால் அவை ஹெம்லாக். ஆசியாவிலிருந்து வந்த ஒரு சின்ன வெள்ளைப் பூச்சி இங்கே 2002இல் தென்பட்டு இத்தனையையும் சாய்த்துவிட்டது. இவ்வளவுக்கும் நடுவே நம் கால்களை மட்டுமாவது நாம் கட்டுப்படுத்த முடியும்.

மற்ற விஷயங்கள் சுருக்கமாக. பூங்காவில் நுழைவுக் கட்டணம் இல்லை. ஆனால் 2023 மார்ச்சிலிருந்து கால் மணி நேரத்துக்கு மேல் வண்டி நிறுத்தச் சீட்டு வாங்க வேண்டும். அதை முன்னதாகவே வாங்கி வண்டியில் வையுங்கள். நிறுத்த இடம் குறைவு; இரண்டு குடும்பம் ஒரு வண்டியில் வாருங்கள். உள்ளே போன் எடுக்காது. நாயைக் கூட்டி வர முடியாது. பூங்காவில் சுமார் 1,900 கருங்கரடிகள் இருக்கின்றன. கண்டால் 150 அடிக்குக் கிட்டே போகாதீர்கள். படம் எடுக்கவும் போகாதீர்கள். சாப்பாட்டைப் பாதையில் பிரிக்க வேண்டாம். திரும்பி வந்து கிரீன்பிரையர் சாப்பாட்டு மேசைகளில் சேர்ந்து சாப்பிடுவோம். ஒரு பருக்கைச் சோறு, ஒரு ஆரஞ்சுத் தோல்கூட அங்கே விடக்கூடாது. மனிதச் சாப்பாட்டின் ருசி கண்ட கரடியைக் கடைசியில் கொல்ல வேண்டி வரும். விஷப்படர்கொடி பாய்சன் ஐவி உண்டு. மூன்று சிற்றிலை, இளசில் செம்மினுக்கம். நம் சேராங்கொட்டையின் குடும்பம், பட்டால் கொப்பளிக்கும். உண்ணிக்கு முழுக்கால்சட்டை, நீளக் காலுறை.

மழை பெய்தால் நடை உண்டா என்று கேட்டிருந்தீர்கள். இடியும் வெள்ளமும் இல்லாவிட்டால் உண்டு. ஸ்பிரிங் பியூட்டி, பிளட்ரூட் எல்லாம் வெயில் இல்லாவிட்டால் இதழை மூடிக்கொள்ளும். டிரில்லியமும் ஃபசீலியாவும் மூடாது. ஈரத்தில் சாலமாண்டர்கள் வெளியே வரும், இந்த மலையில் அவற்றின் வகையே முப்பது. கல்லைப் புரட்டித் தேட வேண்டாம், தானாகவே கண்ணில் படும். வெயில் நாளானாலும் பூக்கள் நன்றாக விரியப் பத்து மணி ஆகும். நிறுத்த இடத்துக்காக நாம் எட்டு மணிக்கே போய்ச் சேர்ந்துவிட்டு, முதல் மைலில் மெல்ல நடப்போம்.

அன்று வர முடியாதவர்களுக்கு: வசந்தம் இந்த மலையில் ஒரே நாளில் வருவதில்லை, கீழிருந்து மேலே ஏறுகிறது. நூறடி உயரத்துக்கு ஒரு நாள் என்று ஒரு பழைய கணக்கு உண்டு. போர்ட்டர்ஸ் கிரீக் சுமார் 1,900 அடி. நியூஃபவுண்ட் கேப் கணவாய் 5,046 அடி. இங்கே ஏப்ரல் நடுவில் முடிகிற பூ அங்கே ஏப்ரல் கடைசியிலும் மே தொடக்கத்திலும் திறக்கும். பீச் மரச் சரிவுகளில் ஸ்பிரிங் பியூட்டியும் டிரௌட் லில்லியும் அப்போதுதான் விரிந்திருக்கும். மே முதல் சனிக்கிழமை நான் அங்கே போகிறேன். ஆறேழு பேர் சேர்ந்தால் போதும், பெயர் சொல்லுங்கள்.

அன்புடன்,
நாக்ஸ்வில்லிலிருந்து உங்கள் நண்பன்